நடைபாதையில் பதின்மூன்று பேர்



தென் கொல்கத்தாவில் டாக்குரியா பாலத்தின் ஒரு முனையில் இருப்பது கோல்பார்க். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ரவீந்திர சரோவர். ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் டாக்குரியா ஏரிதான். வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய், தம்முடைய துப்பறிவாளர் ப்யோம்கேஷ் பக்ஷியைப் பிற்காலத்தில் இந்த ஏரிக்குப் பக்கத்தில், கேயாதலாவில் குடிவைத்தார். அவர் எழுதிய 'சஜாருர் காண்டா', அதாவது 'முள்ளம்பன்றி முள்', இந்தத் தெருக்களிலேயே நடக்கிற கதை.

முதலில் ஒரு பிச்சைக்காரர் சாகிறார். அடுத்து ஒரு கூலித் தொழிலாளி. மூன்றாவதாக ஒரு கடைக்காரர். எல்லோர் இதயத்திலும் முள்ளம்பன்றி முள் பாய்ந்திருக்கிறது. கடைசியில் ஏரிக்கரையில் ஒரு வசதியான வீட்டு இளைஞன் குத்தப்படுகிறான். இதயம் வலப்பக்கம் அமைந்திருந்ததால் பிழைத்துக்கொள்கிறான். கொலைகாரனின் குறி ஆரம்பம் முதலே அவன்தான். மற்ற மூவரும் போலீஸைத் திசைதிருப்பக் கொல்லப்பட்டவர்கள். பாசு சாட்டர்ஜி தூர்தர்ஷனுக்காக எடுத்த 'ப்யோம்கேஷ் பக்ஷி' தொடரின் இரண்டாம் பகுதியில், 1997இல், இந்தக் கதையும் வந்தது. ரஜித் கபூர் ப்யோம்கேஷ் வேடத்துக்காகவே பிறந்தவர்போல நடித்திருப்பார். புதிரும் அழகாக அவிழும். ஆனாலும் அந்தப் பிச்சைக்காரரை நினைத்து எனக்கு மனசு ஆறவில்லை. கொலைகாரன் அவரைத் திரையாகப் பயன்படுத்திக்கொண்டான். கதையும் அவரை அப்படித்தான் பயன்படுத்திக்கொண்டது.

கதை எழுதப்பட்ட காலத்துக்கும் தொடர் ஒளிபரப்பான ஆண்டுக்கும் நடுவே, இதே நகரத்தில் நிஜமாகவே ஒரு கொலைகாரன் வந்தான். 1989 ஜூனில் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் தலை நசுங்கிச் செத்தார். அடுத்த ஆறு மாதத்தில் இன்னும் பன்னிரண்டு பேர். எல்லோரும் வீடில்லாதவர்கள், வெளிச்சம் குறைந்த இடத்தில் தனியாகப் படுத்தவர்கள். பெரும்பாலான கொலைகள் ஹௌரா பாலத்தை ஒட்டிய மத்திய கொல்கத்தாவில் நடந்தன. ஆயுதம் ஒரு பெரிய கல், அல்லது கான்கிரீட் பாளம். பத்திரிகைகள் அவனுக்கு 'ஸ்டோன்மேன்' என்று பெயர் வைத்தன. அவ்வளவு கனத்தைத் தூக்கிப் போடுகிறவன் உயரமான, வலுவான ஆளாக இருக்க வேண்டும் என்று போலீஸ் ஊகித்தது. ராத்திரி ரோந்து போட்டார்கள். சந்தேகப்பட்டவர்களைப் பிடித்து விசாரித்தார்கள். சாட்சி இல்லாததால் விட்டுவிட்டார்கள். கொலைகள் நின்றன. கொன்றது யார் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

கொல்கத்தா போலீஸ் தலைமையகமான லால்பஜாரின் துப்பறியும் பிரிவு சாதாரணமானதல்ல. பிறகு ஏன் முடியவில்லை? எந்தக் கொலை விசாரணையும் செத்தவரிடமிருந்துதான் தொடங்கும். யாரோடு பகை, யாரிடம் கடன், கடைசியாகப் பார்த்தது யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வீட்டில் ஆள் வேண்டும், தெருவில் ஆள் வேண்டும். நடைபாதையில் தனியாகப் படுப்பவருக்கு அந்த ஆட்கள் இல்லை. 1985க்கும் 1987க்கும் இடையே பம்பாயில் சயான், கிங்ஸ் சர்க்கிள் பகுதிகளில் இதே மாதிரி பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டபோதும் இதுதான் நடந்தது. செத்தவர் இன்னார் என்று அடையாளம் காட்டக்கூடப் பலருக்கு ஆளில்லை. ஆறாவது கொலை வரைக்கும் எல்லாம் ஒரே கைவேலை என்பதே புலப்படவில்லை.

அதற்கு முன்பே, 1968இல், அதே பம்பாயில் ராமன் ராகவ் என்ற தொடர் கொலைகாரன் பிடிபட்டான். அவனும் குடிசைவாசிகளையும் தெருவில் தூங்குபவர்களையும்தான் கொன்றான். ஆனால் தப்பிப் பிழைத்த சிலர் அவன் உருவத்தைச் சொன்னார்கள். போலீஸ் அதிகாரி ரமாகாந்த் குல்கர்ணி தலைமையில் விசாரணை நடந்தது. அந்த அடையாளத்தை வைத்து ஆளைத் தெருவில் கண்டு பிடித்தவர் அலெக்ஸ் ஃபியாலோ என்ற சப்-இன்ஸ்பெக்டர். பழைய போலீஸ் பதிவில் இருந்த கைரேகையும் பொருந்தியது. ஏழைகள் வாய்திறந்து சொன்னதும் அதைப் போலீஸ் காதுகொடுத்துக் கேட்டதும்தான் அந்த வழக்கை முடித்தன.

வழக்கு முடிந்தாலும் செத்தவர் பெயர் நிலைப்பதில்லை. நம் ஊருக்கே வருவோம். ஆட்டோ சங்கர் என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் குறைவு. 1995இல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார், 2019இல் அவரைப் பற்றி இணையத் தொடரே வந்துவிட்டது. அவர் வழக்கில் கொலையுண்டவர்களில் ஒருவர் பெயரையாவது சட்டென்று சொல்ல முடியுமா? எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது.

இன்றும் கொல்கத்தாவில் ராத்திரி பதினொரு மணிக்குமேல் நடந்து பாருங்கள். கம்பி வேலியில் இரண்டு மூலை, தள்ளுவண்டிப் பிடியில் இரண்டு மூலை என்று நைலான் கொசுவலையைக் கட்டி, கம்சாத் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். செருப்பு களவு போகாமலிருக்க அதையும் தலைமாட்டில் செருகியிருப்பார்கள். விடிந்ததும் கொசுவலையை மடித்து வைத்துவிட்டு மூட்டை தூக்கப் போவார்கள்.

ஸ்டோன்மேனைப் பற்றித் தொடர் எடுக்க நினைப்பவருக்கு என் வேண்டுகோள் இதுதான்: முதல் காட்சியை லால்பஜாரில் வைக்காதீர்கள். அந்தக் கொசுவலைக்குள் படுத்திருப்பவரிடமிருந்து தொடங்குங்கள். அவருக்கு ஓர் ஊர் கொடுங்கள், மாதாமாதம் அவர் பணம் அனுப்புகிற ஒரு தாயைக் கொடுங்கள், அவரோடு சேர்ந்து டீ குடிக்கிற ஒரு கூட்டாளியைக் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் அவர் உயிரோடு இருக்கட்டும். துப்பறிவாளர் மூன்றாவது வாரம் வரட்டும்.