தப்பின் அடி கேட்போம்



தோல் பேசுமா? பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் பேசியது. விடியலில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்ததும், மரணத்தை அறிவித்ததும் தப்புத்தான். மாசியில் காமன் கூத்தை நடத்துவதும் அதுவே. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி உண்டு.

இந்த வித்தை செவிவழி வருவது. தோலைத் தீயில் காய்ச்சி, நீண்ட குச்சியும் குட்டைக் குச்சியும் ஏந்தி, மூத்தவர் அடிப்பதைக் கேட்டுக் கேட்டே இளையவர் பழகுகிறார். ரதி, மதன் ஆட்டத்தில் துள்ளும் அடி, மதன் எரிந்தபின் எப்படித் தளர்கிறது என்று கவனியுங்கள். ரசனை அங்கே பிறக்கும்.

சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) தொகுத்ததால் மலையகப் பாடல்கள் பல ஏட்டில் நின்றன. அடியோ கையில்தான் நிற்கும்.

அமெரிக்காவின் லூசியானாவில் கேஜன் மக்கள் வாழ்கின்றனர். 1755 முதல் பிரித்தானியர் நாடு கடத்திய அக்கேடியரின் வழிவந்தவர்கள். அவர்களுடைய பிடில் இசையும் செவிவழிக் கல்வியே. அதைச் சொந்த ஊராரே இகழ்ந்ததுண்டு. 1964இல் நியூபோர்ட் நாட்டாரிசை விழாவில் டூயி பல்ஃபாவும் தோழர்களும் பெற்ற கரவொலி அந்த எண்ணத்தை அசைத்தது. பின்னர் பல்ஃபா அவ்விசையைப் பாடசாலைகளுக்கும் கொண்டு சென்றார்.

நம் தப்பின்மேல் சாதி இழிவு படிந்திருக்கிறது. அதனால்தான் படித்த பிள்ளை குச்சியைத் தொடக் கூசுகிறது. கலைவிழாவில் தப்பை மேடையேற்றினால் மட்டும் அந்த இழிவு நீங்காது. அடிக்கத் தெரிந்த முதியவரை ஆசானாக அழைத்து, வகுப்பறைக் கதிரையில் அமர்த்த வேண்டும்.