கட்சி சார்பற்றவர்கள் எந்தப் பக்கம்?



யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ அந்தத் தோழருக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையில் ஒரு அநீதியைப் பற்றிக் கொதித்துப் பேசிவிட்டு இறங்கினால், பக்கத்தில் வந்து மெதுவாக, “அந்த அரசாணை எண் என்ன தோழர்?” என்று கேட்பார். பலர் தடுமாறியிருக்கிறோம். அவருடைய கேள்வியை இன்று ஒரு படி பின்னால் கொண்டுபோகப் பார்க்கிறேன். அரசாணைக்கு முன்னால் ஒரு வரைவு இருக்கிறது. வரைவுக்கு முன்னால், பல சமயம் பத்து வருடங்களுக்கு முன்னால், யாரோ எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. அதை எழுதியவர் யார்? அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

இதற்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதிகளைக் கேட்டார். அவர்களுடைய காகிதங்களைப் படிப்பது நமக்குப் புதிய பழக்கம் அல்ல.

மிச்சிகனில் மிட்லண்ட் என்று ஒரு ஊர். டவ் கெமிக்கல் கம்பெனியின் ஊர். அங்கே 1987இல் மக்கினா பொதுக்கொள்கை மையம் தொடங்கப்பட்டது. (எழுதும்போது கடைசியில் ‘க்’ வரும், சொல்லும்போது வராது.) தன்னைக் கட்சி சார்பற்றது என்றும், சுதந்திரச் சந்தையை நம்புவது என்றும் அது சொல்லிக்கொள்கிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் அமெரிக்க வரிச் சட்டத்தில் ‘கட்சி சார்பற்ற’ என்பதற்குக் குறுகிய பொருள்தான் உண்டு: எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ பிரச்சாரம் செய்யக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டுக்கும் வரிச் சட்டத்தின் மற்ற விதிகளுக்கும் உட்பட்டால், நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை கிடைக்கும். அவர் பெயரைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. கட்சி இல்லை என்பதால் பக்கமும் இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டால் அது நம் ஏமாளித்தனம்.

அந்த மையத்தில் ஜோசப் ஓவர்டன் என்று ஒருவர் இருந்தார். டவ் கம்பெனியில் பொறியாளராக வேலை பார்த்து வந்தவர். 1990களில் அவர் சொன்ன ஒரு கருத்து இன்று உலகம் முழுக்க ‘ஓவர்டன் ஜன்னல்’ என்று பேசப்படுகிறது. ஒரு காலகட்டத்தில் அரசியல்வாதி துணிந்து பேசக்கூடிய கருத்துகள் ஒரு ஜன்னலுக்குள் தெரிபவை மட்டும்தான். அதற்கு வெளியே உள்ளதைப் பேசினால் தேர்தலில் தோற்பார். ஆகவே அரசியல்வாதியின் பின்னால் அலையாதே, ஜன்னலை நகர்த்து. ஜன்னல் நகர்ந்துவிட்டால் எந்தக் கட்சியும் தானாகவே வந்து சேரும். 2003இல், 43 வயதில், சிறு விமான விபத்தில் ஓவர்டன் இறந்துபோனார். கருத்து நின்றுவிட்டது. நம் எதிர்த்தரப்பில் இருந்து வந்த கருத்துதான் என்றாலும், இயக்கத் தோழர்கள் படிக்க வேண்டிய ஒன்று என்பேன்.

ஜன்னல் எப்படி நகர்ந்தது என்று பாருங்கள். 1936-37இல் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடிச் சங்க உரிமை பெற்ற ஃபிளின்ட் நகரம் மிச்சிகனில்தான் இருக்கிறது. கார் ஆலை வேலையும் சங்கமும் சேர்ந்து கறுப்பினக் குடும்பங்களுக்குச் சொந்த வீடு கொடுத்த மாநிலம் அது. அங்கே, சங்கத்தின் ஒப்பந்தப் பலனைப் பெறும் தொழிலாளி சங்கத்துக்குப் பணம் தரத் தேவையில்லை என்று ஒரு சட்டம் வரும் என்று 1990களில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். மக்கினா மையம் சொல்லிக்கொண்டே இருந்தது. 2012 டிசம்பரில் சட்டம் வந்தது. பெயர் ‘வேலை செய்யும் உரிமை’. பெயர் வைப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை! 2023இல் அது ரத்தானது. அதற்குள் பத்தாண்டு போய்விட்டது.

ஆனால் நான் அதிகம் பேச விரும்புவது இன்னொரு சட்டம் பற்றி. நகராட்சிகள் கடனில் மூழ்கினால் மாநில அரசு ஒரு மேலாளரை நியமிக்கும் முறை அங்கே முன்பே இருந்தது. 2005இல், அப்படி மேலாளராகப் பணியாற்றிய லூயிஸ் ஷிமெல் என்பவர் மக்கினா மையத்தின் வெளியீட்டில் எழுதினார்: இந்த அதிகாரம் போதாது, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் அதிகாரங்கள் மேலாளரிடம் வர வேண்டும், சங்க ஒப்பந்தங்களை மாற்றவும் அவரால் முடிய வேண்டும். 2011 மார்ச்சில் ஏறத்தாழ அதே அதிகாரங்களோடு சட்டம் வந்தது. அதே ஆண்டு ஷிமெலே பான்டியாக் நகரத்தின் அவசரகால மேலாளராக நியமிக்கப்பட்டார்.

பென்டன் ஹார்பர் என்று சுமார் 10,000 பேர் வாழும் ஊர். பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். 2011 ஏப்ரலில் அங்கிருந்த மேலாளர் நகர்மன்றத்துக்கு ஒரு உத்தரவு போட்டார். மன்றம் கூட்டத்தைத் தொடங்கலாம். மினிட்ஸுக்கு ஒப்புதல் தரலாம். கலைந்து போகலாம். வேறு எதுவும் செய்யக் கூடாது. ஊராட்சித் தலைவராக ஜெயித்தும் நாற்காலியில் உட்கார முடியாதவர்களை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த உத்தரவைப் போட்ட மேலாளரும் கறுப்பினத்தவர்தான். நம்மவர் ஒருவரை உட்காரவைத்தால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கும் தோழர்கள் கவனிக்க.

2012 நவம்பரில் மிச்சிகன் மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். அடுத்த மாதமே கிட்டத்தட்ட அதே சட்டத்தைச் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. இந்த முறை அதில் ஒரு சிறு நிதி ஒதுக்கீட்டையும் சேர்த்தார்கள். நிதி ஒதுக்கும் சட்டத்தை அங்கே பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோக முடியாது. 2013இல் டெட்ராய்ட்டும் மேலாளரின் கீழ் வந்தபோது, மாநிலத்தின் கறுப்பின மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தாங்கள் தேர்ந்தெடுக்காத நிர்வாகத்தின் கீழ் இருந்தார்கள்.

ஃபிளின்ட்டில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேலாளர் ஆட்சியில், செலவைக் குறைக்க, 2014 ஏப்ரலில் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கியது. அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அந்தத் தண்ணீரை நிறுத்திக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் இன்னும் ஒரு வருடம் குடித்தார்கள். பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் ஏந்தித் தாய்மார்கள் நின்றார்கள். அவர்கள் வாக்கால் நீக்கக்கூடிய யாரிடமும் அதிகாரம் இல்லை. 2017இல் மாநிலத்தின் குடிமை உரிமை ஆணையமே இதன் வேர் அமைப்புரீதியான இனவெறி என்று அறிக்கை தந்தது.

மக்கினா மையம் ஆற்றுத் தண்ணீரைத் திறந்துவிடவில்லை. அப்படி நான் சொன்னால் அது பொய். மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் அலட்சியம் நேரடிக் காரணம். மாநிலம் நகரங்களுக்குத் தர வேண்டிய வருவாய்ப் பங்கை வருடா வருடம் வெட்டியது அதற்கும் முந்தைய காரணம். ஆனால் தேர்ந்தெடுத்தவர்களை ஓரம்கட்டி ஒரு கணக்கர் ஊரை ஆளலாம் என்பதை ஜன்னலுக்குள் கொண்டுவந்ததில் அந்தக் கட்டுரைக்குப் பங்கு உண்டு.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. குற்றம் நிரூபிக்கப்படாமலே போலீஸ் ஒருவருடைய காரையும் பணத்தையும் பறிமுதல் செய்யும் வழக்கத்தை எதிர்த்து, இடதுசாரிகள் மதிக்கும் ஏ.சி.எல்.யூ.வோடு சேர்ந்து இதே மையம் வாதாடியது. 2019இல் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. பலனடைந்தவர்களில் கறுப்பின ஏழைகளும் உண்டு. அரசு என்றால் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் மட்டுமல்ல, லத்தியும்தான் என்பது சேரித் தெருவுக்குத் தெரியும். அந்த இடத்தில் அவர்கள் பேச்சு நமக்கும் இனிக்கும். இனிப்பதால்தான் நிதானம் வேண்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டியர்பார்ன் வளாகத்தில் பொருளாதாரம் கற்பித்த பார்த் ஷா இந்தியா திரும்பி 1997இல் டெல்லியில் சென்டர் ஃபார் சிவில் சொசைட்டியைத் தொடங்கினார். தெருவோர வியாபாரிகளின் லைசென்ஸ் தொல்லை பற்றி அது எழுதியது; பயனுள்ள எழுத்து. 2007இல் டெல்லியில் 408 குழந்தைகளுக்குத் தனியார் பள்ளிக்கான வவுச்சர் கொடுத்துக் காட்டியது. பணம் குழந்தையின் பின்னால் போகட்டும் என்பது வாதம். ஒரே பள்ளி உள்ள ஊரில் அந்தக் குழந்தை எங்கே போகும், போன பள்ளியில் எந்த வரிசையில் உட்காரவைக்கப்படும் என்ற கேள்விகளை வவுச்சர் தாங்காது. சந்தை சாதியை உடைக்கும் என்று சந்திரபான் பிரசாத் போன்ற தலித் சிந்தனையாளர்களே எழுதுகிறார்கள். படிக்காமல் திட்டாதீர்கள். படித்துவிட்டு, 1947இல் அம்பேத்கர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலையும் எடுத்துவைத்துப் பாருங்கள். அரசு விலகிக்கொண்டால் அந்தச் சுதந்திரம் யார் கைக்குப் போகும் என்று அவர் அங்கே கேட்டிருக்கிறார்.

நம்மிடமும் காகித வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். டெல்லி காமன்வெல்த் போட்டிகளுக்கு எஸ்.சி. துணைத்திட்ட நிதி திருப்பிவிடப்பட்டதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு 2010இல் வெளியே கொண்டுவந்தது கோடீஸ்வரர் நன்கொடையில் நடக்கும் மையம் அல்ல. பட்ஜெட் புத்தகத்தை வரி வரியாகப் படித்தவர்கள்.

உணவு இடைவேளைக்குப் பிறகு பேரவை அறையில் இந்த ஆண்டின் ஆதிதிராவிடர் நலத்துறைக் கொள்கை விளக்கக் குறிப்பைக் கூட்டாக வாசிக்க இருக்கிறோம். பத்துப் பிரதிகள்தான் இருக்கின்றன, பகிர்ந்துகொள்ளுங்கள். மாணவர்கள் பென்சில் கொண்டுவந்தால் நல்லது.