இருதயம் தேறியபின் கலங்கும் மனம்

இருதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. குருதி முன்னோக்கிச் செல்ல வழிவிட்டு, பின்னோக்கி வராது தடுப்பதே அவற்றின் தொழில். வாதக்காய்ச்சலினாலோ முதுமையினாலோ ஒரு வால்வு பழுதுற்றால், மனிதன் சிறிது தூரம் நடப்பதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுவான். 1960ஆம் ஆண்டில், அமெரிக்காவின் போட்லண்ட் நகரில், அல்பேட் ஸ்ரார் என்னும் சத்திரவைத்தியர், எட்வேட்ஸ் என்னும் பொறியியலாளரோடு சேர்ந்து ஆக்கிய செயற்கை வால்வை நோயாளரின் இருதயத்திற் பொருத்தி வெற்றி கண்டார். மரணத்தை எதிர்நோக்கியிருந்தோர் பலர் வீடு திரும்பினர்.

ஆயினும், அவர்களுட் பலரிடத்து விநோதமான ஒரு மாற்றம் காணப்பட்டது. கண்விழித்து உறவினரோடு தெளிவாக உரையாடியவர், சில நாள்கள் கழிந்தபின் திடீரெனப் பிதற்றத் தொடங்குவார். சுவரிலே பூச்சிகள் ஊர்வதாகக் கூறுவார். மருந்து கொணரும் தாதி நஞ்சூட்ட வருகிறாள் என அஞ்சுவார். இதனைப் பற்றி 1964இல் ஸ்ராரும் பிளாச்லி என்னும் மனநோய் வைத்தியரும் எழுதினர். அடுத்த ஆண்டில் நியூயோர்க் வைத்தியர்கள் ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டினர். இரவும் பகலும் அணையாத விளக்கும், ஓயாத கருவியோசையும் நோயாளரின் உறக்கத்தைக் கெடுத்தன. சாதாரண வாட்டுக்கு மாறி நன்கு உறங்கியதும் பலர் தெளிவடைந்தனர்.

இதனை நம் முன்னோர் சன்னி என்றனர். சன்னி வேறு, பைத்தியம் வேறு. உடலுக்கு நேர்ந்த பேரதிர்ச்சியைத் தாங்கமாட்டாது மூளை சில காலம் தடுமாறுவதே சன்னியாகும். முதுமை, முன்னரே குன்றிய ஞாபகசக்தி, நோவு, ஒட்சிசன் குறைவு, கிருமித்தொற்று, உறக்க மருந்துகள், வழக்கமாய் அருந்திய மது திடீரென நிற்றல் ஆகியன யாவும் அதற்கு இடமளிக்கும். 2002ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து அலன் கிறிபியர் மார்பைத் திறவாது இரத்தக்குழாய் வழியே வால்வைச் செலுத்தும் முறையைத் தொடக்கிவைத்தார். அம்முறையிற் சன்னி குறைவு. எனினும் அறவே நீங்கிவிடவில்லை. அச்சிகிச்சையைப் பெறுவோரிற் பெரும்பாலார் முதியோரன்றோ?

சன்னிக்கு இரு முகங்கள் உண்டு. ஒன்று, குழாய்களைப் பிடுங்கி எறிந்து, "வீட்டுக்குப் போகவேண்டும்" என்று கூச்சலிடும் முகம். அதனை எவரும் காண்பர். மற்றையது, பேசாது, உண்ணாது, விழித்தும் விழியாதவராய்க் கிடக்கும் முகம். "பாவம், களைப்பால் உறங்குகிறார்" என்று உறவினர் எண்ணிவிடுவர். ஆபத்து இவ்விரண்டாவதிலேதான் மறைந்திருக்கிறது. காலையிலே தெளிவும் மாலையிலே குழப்பமுமாக நிலை மாறிக்கொண்டிருப்பதும், சொல்வதில் மனம் ஊன்றாமையும் இதன் அடையாளங்கள். கவனியாது விட்டால் வைத்தியசாலை வாசம் நீளும். சிலருக்கு ஞாபகசக்தி நெடுங்காலம் குன்றியிருக்கவும் கூடும்.

இதனைத் தடுக்க வழியுண்டா? உண்டு. அமெரிக்காவின் நியூஹேவன் நகரில், வைத்தியசாலையிற் சேர்ந்த, 70 வயதும் அதற்கு மேலும் சென்ற 852 நோயாளரை ஷாரன் இனோய் என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து, 1999இல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் இருதய சத்திரசிகிச்சை பெற்றோரல்லர். ஆயினும் அப்பாடம் இவர்களுக்கும் பொருந்தும். வழக்கமான பராமரிப்புப் பெற்றோரில் நூற்றுக்கு 15 பேர் சன்னியுற்றனர். இடமும் நாளும் எடுத்துரைத்தல், எழுந்து நடக்கச் செய்தல், இரவில் அமைதியாக உறங்கவிடுதல், கண்ணாடியும் காதுக்கருவியும் அணிவித்தல், நீர் அருந்தச் செய்தல் என்பன கிடைத்தோரிலோ நூற்றுக்கு 10 பேரே அவ்வாறுற்றனர்.

அன்பர்களே, இவற்றுட் பல குடும்பத்தவராலும் இயலக்கூடியன. பிதற்றுபவரோடு வாதாடுதல் வேண்டா. அவரைக் கண்டு சிரித்தலும் ஆகாது. கையைப் பற்றி, பெயர் சொல்லி அழைத்து, "இது வைத்தியசாலை, சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது, நாங்கள் அருகில் இருக்கிறோம்" என மெல்லச் சொல்லுதல் வேண்டும். அவர் வழக்கத்துக்கு மாறாக இருப்பின் உடனே தாதிக்கோ வைத்தியருக்கோ அறிவித்தல் வேண்டும். அவருடைய இயல்பை நன்கறிந்தவர் வீட்டாரே. ஊரார் என்ன நினைப்பாரோ என்னும் நாணத்தால் அதனை மறைத்தல், நோயாளருக்குச் செய்யும் தீங்காகும். தெளிந்தபின், தாம் கண்ட பயங்கரக் காட்சிகளைச் சொல்ல அவர் வெட்குவார். அப்பொழுது, அது பைத்தியமன்று, வந்து போன ஒரு நோயே என்று எடுத்துரைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியேயாகும்.