அந்தப் பறவைக்குப் புறாத்தலை

நான் சிரம்பான் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பெரிய பறவை எது வந்தாலும் எங்கள் லயத்தில் ஒரே பெயர்தான், பருந்து! கோழிக்குஞ்சைத் தூக்க வந்துவிட்டது என்று லாஸ்டிக்கை எடுத்துவிடுவோம்.

ஒரு மார்ச் மாதம் பால்மரக்காட்டு ஓரத்தில் ஒன்று தரையைத் தோண்டிக்கொண்டிருந்தது. குறி பார்த்த என் கையைப் பக்கத்து வீட்டு மாமா பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் மரம் சீவியவர். "தலையைப் பாருடா, இது கோழிக்கு வராது" என்றார். உடம்பு கழுகு, தலையோ புறாத்தலை! தோண்டியது குளவிக்கூட்டை. போன வருஷம் நாங்கள் அடித்து வீழ்த்தியதற்கும் அதே தலைதான் ஐயா.

அதன் பெயர் தேன் பருந்து என்று போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவானில்தான் தெரிந்துகொண்டேன். (இடம் நம் மாநிலத்துக்குள், சொந்தம் மலாக்காவுக்கு!) முக்கிய உணவு குளவிப்புழு. கொட்டு படாமலிருக்க முகத்தில் செதில்போல் நெருக்கமான இறகு. நிறத்தை நம்பாதீர்கள், ஒரே இனத்தில் கருப்பும் உண்டு, வெளுப்பும் உண்டு. சின்னத் தலை, நீண்ட கழுத்து, இதுதான் அடையாளம். கோழி தூக்கும் கொண்டைக் கழுகுக்குத் தலை பெரிது. மஞ்சள் முகமும் சிறகடியில் அகலமான வெள்ளைப் பட்டையும் தெரிந்தால் பாம்புக் கழுகு. பாம்பு தின்பதை அடித்தால் நஷ்டம் யாருக்கு?

சுமத்ராவிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர் கடல் தாண்டி இவை வடக்கே திரும்பும் மாதம் மார்ச். மலேசிய இயற்கைக் கழகம் 2000இல் அங்கே பறவை பார்க்கும் விழாவைத் தொடங்கியது. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பதினொரு மணிக்கு மேல் போனால் தலைக்கு மேலேயே பறக்கும்.