வாத்தின் சிறகும் அந்துப்பூச்சியின் சிறகும்



குளிர்காலத்தில் நம் பழவேற்காடு ஏரிக்கு வடக்கேயிருந்து ஊசிவால் வாத்து வருகிறது. நம் ஊர் அரளிச் செடியில் வளரும் புழு, பச்சை வண்ண அந்துப்பூச்சியாக மாறுகிறது. இரண்டுமே நெடுந்தூரம் பறக்கக்கூடியவை. இரண்டுக்கும் சிறகு இருப்பதால் இவை உறவா என்று மாணவர்களைக் கேளுங்கள்.

வாத்தின் சிறகுக்குள் நம் கையில் இருப்பதுபோலவே மேற்கை, முன்கை, விரல் எலும்புகள் உண்டு. அந்துப்பூச்சியின் சிறகில் எலும்பே கிடையாது. அது செதில் மூடிய மெல்லிய சவ்வு. வேலை ஒன்று, தோற்றம் வேறு. ஆகவே இவை செயல் ஒத்த உறுப்புகள். வாத்தின் சிறகுக்கு நெருங்கிய உறவு நம் கைதான்!

வரையறையை மனப்பாடம் செய்த மாணவர் புதிய உயிரினத்தைக் கண்டால் தடுமாறுவார். உள்ளமைப்பைத் தேடப் பழகியவர் தடுமாறமாட்டார். ஒன்று மட்டும் கவனம்: அரளி நஞ்சுச் செடி. புழுவைக் கண்ணால் பார்த்தால் போதும்.