பணம் நம்முடையது, உரிமை மட்டும் அவர்களுடையதா?

விழுப்புரத்து நண்பர்களே, திண்டிவனத்திலிருந்து பேருந்தேறி வந்திருக்கும் தோழர்களே!

சொந்தக் காசில் புத்தகம் போட்டவர் என்றால் சிலருக்கு இளக்காரம். "எந்தப் பதிப்பகமும் சீந்தவில்லை போலிருக்கிறது" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். அப்படியானால் சி.சு. செல்லப்பாவை என்ன சொல்வீர்கள்? 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தம் பொறுப்பில் தொடங்கியவர். தாம் போட்ட புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றவர். முதுமையில், 1997-இல், 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். மறு ஆண்டு மறைந்தார். 2001-இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது! உ.வே.சா.வும் 1887-இல் வெளிவந்த சீவக சிந்தாமணியை அச்சேற்ற, வாங்குவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் திரட்டித்தானே அலைந்தார்?

இன்று நம் ஊர் இளைஞர் ஒருவர் பிரதியை அனுப்பினால் சில பதிப்பகங்களிலிருந்து வரும் பதில் என்ன? "போட்டுடலாம் சார், முந்நூறு பிரதிக்கு உண்டான பணத்தை மட்டும் அனுப்பிடுங்க." பணம் நம்முடையது. பிழை திருத்துவது நாம். விழாவுக்கு மண்டபம் பிடிப்பது நாம். சொந்தக்காரர் தலையில் கட்டி விற்பதும் நாம்தான். உரிமைப் பக்கத்தில் மட்டும் அவர்கள் பெயர்! சொந்த முதலைப் போட்டு, பிரதியைச் செப்பனிட்டு, கணக்குக் காட்டி ராயல்டி தரும் பதிப்பாளர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். நான் கேட்பது மற்றவர்களை.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதியவரையே முதல் உரிமையாளர் என்கிறது. வாழ்நாள் முழுவதும், அதற்குப்பின் 60 ஆண்டும் அந்த உரிமை உண்டு. எழுத்து மூலம் கொடுக்காமல் அது கைமாறாது. கால அளவு குறிக்காத ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கே செல்லும். அதனால்தான் 'முழுக் காலத்துக்கும்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி சேர்க்கிறார்கள். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம்!

கணக்கும் பார்ப்போம். விலை 200 ரூபாய், ராயல்டி 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 20 ரூபாய். நீங்களே போட்டு, அச்சுக்கு 80 ரூபாய் ஆனாலும், நேரில் விற்றால் 120 ரூபாய் நிற்கும். கடைக்காரருக்கு வழக்கமான கழிவு கொடுத்தாலும் 20-க்குக் கீழே போகாது. ஆயிரம் பிரதி அடித்துக் கட்டிலடியில் அடுக்கிய காலமும் மலையேறிவிட்டது. தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அச்சிட்டுத் தருகிறார்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணை அரசு இலவசமாகவே தருகிறது. தனி ஆளும் விண்ணப்பிக்கலாம். அதற்கும் நம்மிடம் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கேளுங்கள்!

ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மெய்ப்புப் பார்க்க வெளி ஆளை வையுங்கள், கூலி கொடுங்கள். தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. பிழை மலிந்த புத்தகங்கள்தாம் அந்த இளக்காரத்துக்குத் தீனி போடுகின்றன.

எழுத நம்மிடம் என்ன இருக்கிறது என்று தயங்காதீர்கள். விழுப்புரம் கல்லூரியில் பாடம் நடத்திய பழமலய் 1988-இல் 'சனங்களின் கதை'யில் நம் பேச்சு வழக்கைக் கவிதையாக்கினார். மரக்காணம் உப்பளத்தின் கதை, மேல்மலையனூர் மயானக்கொள்ளை, எசாலம் செப்பேடு கிடைத்த மண்ணின் வரலாறு, திண்டிவனத்து இருளர் வாழ்வு எல்லாம் எழுத ஆள் இங்கே உண்டு. பணம் கேட்டு வந்த ஒப்பந்தம் யார் பையிலாவது இருந்தால் இன்று கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொண்டு வாருங்கள். வரி வரியாகச் சேர்ந்து படிப்போம்.