வாந்தி நின்றால் விஷம் போய்விட்டதா?



கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். சேமிப்பையும் கடனையும் பற்றி இங்கே பலர் பேசிவிட்டார்கள். நான் நம்ம வேலியில் நிற்கும் செடிகளைப் பற்றிப் பேசுகிறேன்.

காட்டாமணக்கை ஆடு மாடு கடிக்காது. அதனால்தான் வேலிக்கு வைக்கிறோம். ஆனால் பிள்ளைகள் விடுவதில்லை. உள்ளே இருக்கும் பருப்பு கடலை மாதிரி ருசிக்கும். ஒருத்தன் தின்றால் கூட விளையாடுகிற நாலு பேரும் தின்பார்கள். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் மற்ற வீட்டுக்கும் ஓடிப்போய்ச் சொல்லுங்கள். வாந்தியும் பேதியும் சேர்ந்து உடம்பில் தண்ணீர் வற்றிப்போகும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள்.

அரளி அப்படியல்ல. சாமிக்குப் பறிக்கிற செவ்வரளி, காய் காய்க்கிற மஞ்சள் அரளி, இரண்டிலும் பூ, இலை, காய், வேர் எல்லாமே விஷம். அது இதயத்தைத் தாக்கும். "வாந்தி எடுத்துட்டான், சரியாப் போச்சு" என்று படுக்க வைக்காதீர்கள். பிள்ளை நன்றாகப் பேசும்போதே நாடித் துடிப்பு தடுமாறும். ஈ.சி.ஜி. எடுத்து, டாக்டர் போகலாம் என்று சொல்லும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

செங்காந்தள் நம் மாநிலப் பூ. வேதாரண்யம் பக்கம் விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். அதன் கிழங்கைத்தான் கண்வலிக் கிழங்கு என்கிறோம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்தால் ஆபத்து. சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகுதான் வயிற்றைப் பிரட்டும், அடுத்தடுத்த நாளில் இன்னும் மோசமாகும். களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குன்றிமணியும் அப்படித்தான். கடித்து உடைத்து விழுங்கினால் வேலையைத் தாமதமாகக் காட்டும்.

என்ன செய்வது? வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டுக் கொப்பளிக்க வையுங்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தொண்டையில் விரல் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தின்ற இலையையோ காயையோ ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்குத் தின்றது என்று சொல்லுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கால் மணி நேரம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனசு உடைந்து தானாகவே இதைத் தின்ற பெண்களும் உண்டு. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து வீட்டார் டாக்டரிடம் மறைக்கிறார்கள். என்ன தின்றார் என்று தெரியாமல் டாக்டர் எப்படி வைத்தியம் பார்ப்பார்? 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், அப்படிச் செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதுகிறது. தண்டிக்கச் சொல்லவில்லை, உதவச் சொல்கிறது. உண்மையைச் சொல்லுங்கள். மனசு தாங்காதவர்கள் 14416-க்குப் பேசலாம், காசு இல்லை. அதற்கும் முன்னே, நம்ம குழுவில் ஒருத்தி முகம் வாடியிருந்தால் தவணையைக் கேட்குமுன் அவளைக் கேளுங்கள்.

செடியை எல்லாம் வெட்டச் சொல்லவில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் பத்து நிமிஷம் ஒதுக்கி, அவரவர் வீட்டைச் சுற்றி என்ன செடி நிற்கிறது என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் செடியைக் காட்டிப் பெயர் சொல்லுங்கள். காட்டாமணக்கை மட்டும் பால்வாடி, பள்ளிக்கூட வேலியிலிருந்து எடுத்துவிடலாம்.